வெற்றிகரமாகக் கண்டு பயன்பெற்ற நாற்பத்தெட்டுப் பேர்

பயணம் தொடங்குவதற்கு முன்பே நாற்பத்தெட்டு மாணவர்களும் அதை வெற்றிகரமாக முடித்துவிட்டார்கள். காலை ஏழரை மணிக்குப் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் ஆளுக்கொரு சான்றிதழ் வந்தது. "இலக்கியத் தொடர்புடைய வரலாற்றுத் தலங்களை நேரில் கண்டு பயன்பெற்றமைக்காக" என்று அதில் தங்க நிறத்தில் அச்சாகியிருந்தது. கூடவே ஒரு கருத்துப் படிவம். பயணம் எப்படி இருந்தது என்ற கேள்விக்கு எதிரே ‘மிகச் சிறப்பு’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. கையெழுத்து மட்டும் பாக்கி.

மூன்றாவது வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த காவேரி எழுந்து நின்றாள்.

"ஐயா, நாம இன்னும் கெளம்பவே இல்லீங்களே?"

தமிழ்த்துறைத் தலைவர் தீர்த்தகிரி கோபப்படவில்லை. நல்ல மனிதர். அன்பாகவே சொன்னார்: "போயிட்டு வரும்போது எல்லாரும் அசந்து போயிருப்பீங்கம்மா. தூக்கக் கலக்கத்துல எதையாச்சும் மாத்தி டிக் பண்ணிட்டா யாரு பதில் சொல்றது? போடு, போடு."

அடுத்த வாரம் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரவிருந்தது. மதிப்பெண் பட்டியலில் ‘மரபுணர்வுச் செயல்பாடுகள்’ என்று ஒரு தலைப்பு உண்டு என்பதைப் பத்து நாளுக்கு முன்புதான் யாரோ கண்டுபிடித்தார்கள். ஐந்து ஆண்டுகளில் கல்லூரி அந்தத் தலைப்பில் எதுவுமே செய்திருக்கவில்லை. ஆகவே ஒரே நாளில் ஐந்து ஆண்டுக்கான மரபுணர்வையும் ஊட்டிவிடுவதென்று கூட்டம் போட்டு முடிவாயிற்று.

காவேரிக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்தும் அவளுக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்தது. பயணப் பட்டியலில் கடைசியாக ஒரு நடுகல் இருந்தது. மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் நட்ட கல். நூலகத்தில் ஒரு பழைய தொகுதியில் அதன் படத்தை அவள் பார்த்திருக்கிறாள். ஐந்து வரி வட்டெழுத்து. மேல் மூன்று வரி ஓரளவு தெரிந்தது, கீழ் இரண்டு வரியும் படத்தில் மை அப்பிக் கிடந்தன. "படிக்கப்படவில்லை" என்று தொகுதியில் அடிக்குறிப்பு இருந்தது. அந்த ஒரு சொல்லுக்காக ஐந்து மாதம் நகல் காகிதங்களை வைத்துக்கொண்டு வட்டெழுத்துப் பழகினாள். மாரண்டஹள்ளிக்கு வெளியே அவள் வீட்டுத் தக்காளித் தோட்டத்தில், பெட்டிகளின் மேல் அந்த எழுத்துகளைச் சாக்பீஸால் எழுதிப் பார்ப்பாள். சந்தையில் யாரோ அதை விலை என்று நினைத்துப் பேரம் பேசினார்களாம்.

பேருந்து ஏழரைக்குக் கிளம்பவில்லை. முதல்வர் மாதேஸ்வரன் வந்து கொடியசைக்க வேண்டும். பத்தேகாலுக்கு வந்தார். அசைத்தார். பேருந்து இருபது அடி போனதும் புகைப்படப் பொறுப்பாளரான ஆய்வக உதவியாளர் சத்யராஜ் பின்னால் ஓடி வந்து, படத்தில் கொடி முதல்வரின் முகத்தை மறைத்துவிட்டது என்றான். பேருந்து பின்னால் வந்தது. இரண்டாவது முறை முதல்வர் கண்ணை மூடிவிட்டார். மூன்றாவது முறை எல்லாம் சரியாக இருந்தது, பேருந்துதான் படத்தில் விழவில்லை. பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். முதல்வர் தன் காரில் முன்னால் போனார்.

முதல் தலம் பழைய கோட்டை மேடு. புலவர்கள் பாடிப் பரிசில் பெற்றதாகச் சொல்லப்படும் இடம். அங்கே எல்லோரையும் இறக்கி வெயிலில் நிறுத்தி, ஆளுக்கொரு நெல்லிக்காய் கொடுத்தார்கள். பசங்களுக்கு ஒரே குஷி. "வலது கையில, நெஞ்சுக்கு நேரா பிடிங்க" என்றான் சத்யராஜ். பிடித்தார்கள். படத்தில் இடக்குறியீடு விழ வேண்டும் என்பதால் செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும்வரை இருபத்தைந்து நிமிடம் அப்படியே நின்றார்கள். படம் எடுத்ததும் தீர்த்தகிரி ஒரு பையை நீட்டி நெல்லிக்காய்களைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மறுநாள் வேறு வகுப்புக்கு இதே நிகழ்ச்சி இருந்தது.

எண்ணியதில் நாற்பத்தேழுதான் இருந்தன.

"யாரு?" என்றார்.

எல்லோரையும் வாயைத் திறக்கச் சொன்னார். காவேரியின் பக்கத்தில் நின்ற மேனகா கொட்டையை விழுங்கிவிடப் பார்த்து இருமினாள்.

"பசிச்சுதுங்கய்யா. காலைல சாப்புடலை."

"மரபுச் சின்னத்தத் தின்னுட்டியேம்மா!" தீர்த்தகிரியின் குரல் உண்மையாகவே தழுதழுத்தது. மேனகா அங்கேயே ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். கோட்டை இருந்த மேட்டின் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடிதம் எழுதி முடித்தபோது நேரமாகிவிட்டிருந்தது.

அடுத்து ஒகேனக்கல். அது பட்டியலில் இல்லை. காவேரி கேட்டதற்கு, "காவிரியைப் பாடாத புலவன் உண்டா? உன் பேரே காவேரி, நீயே கேக்கலாமா?" என்றார் தீர்த்தகிரி. முதல்வரும் பேராசிரியர்களும் இறங்கி, மீன் வறுக்கும் வாசனை வந்த திசையில் ஆய்வுக்குப் போனார்கள். மாணவர்கள் தண்ணீரைப் பார்த்தால் இறங்கத் தோன்றும், இறங்கினால் பொறுப்பு யார் என்பதால், பேருந்தின் கதவைச் சாத்தி டிரைவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். உள்ளே எலுமிச்சை சாதப் பொட்டலம். அருவியின் சத்தம் நன்றாகக் கேட்டது. இரண்டு மணி நேரம் கழித்து முதல்வர் பல்குத்திக்கொண்டே வந்து, "எல்லாரும் காவிரியை அனுபவிச்சீங்களா?" என்றார்.

"அனுபவிச்சோங்க சார்" என்றது பேருந்து.

நடுகல் இருந்த ஊர் பென்னாகரத்தைத் தாண்டி உள்ளடங்கிக் கிடந்தது. போய்ச் சேரும்போது நாலரை. கடலைக்காட்டு வரப்பில் ஒரு வேப்பமரம், அதன் கீழே இடுப்பு உயரத்தில் அந்தக் கல். சுற்றிலும் இன்னும் ஐந்து கற்கள், சிலது சாய்ந்தும் சிலது படுத்தும். ஊர்க்காரர்களுக்கு அவை வேடியப்பன் சாமி. விதைப்புக்கு முன்னால் பொங்கல் வைப்பார்கள். காட்டுக்காரி ராமக்கா ஐம்பது வயதுக்காரி. களை எடுத்துக்கொண்டிருந்தவள், கூட்டத்தைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"செருப்ப அங்க வுட்டுட்டு வாங்க, கண்ணுங்களா" என்றாள். மாணவர்கள் கழற்றினார்கள்.

காவேரி யாரையும் பார்க்கவில்லை. நேரே கல்லுக்குப் போய் மண்டியிட்டாள். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள், காலடியில் இரண்டு மாடு. அவன் தலைக்கு மேலே எழுத்து. சாயங்கால வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு எழுத்தும் பள்ளத்தில் நிழல் கட்டி நின்றது. படத்தில் இருந்ததைவிட எவ்வளவோ தெளிவு. விரலால் தொடாமல் காற்றில் எழுதிக்கொண்டே படித்தாள். அரசனின் ஆண்டு. ஊர்ப் பெயர். மாடு மீட்டுப் பட்டவன் வேங்கையேறன். மூன்று வரி முடிந்தது. நாலாவது வரியின் முதல் சொல் பிடிபட்டது. ‘தங்கை.’

கல்லை நட்டது அரசனில்லை, மகனில்லை. செத்தவனின் தங்கை. அடுத்த சொல் அவள் பெயராகத்தான் இருக்க வேண்டும்.

"அந்தப் பொண்ணு கொஞ்சம் நகரணும், பேனர் கட்டணும்" என்றான் சத்யராஜ்.

பேனர் விரிந்தது. ‘நடுக்கல் நோக்கிய நற்பயணம்’ என்று ஆறடி நீளத்துக்கு எழுதியிருந்தது. காவேரி எழுந்தாள். "ஐயா, நடுகல்லுங்க. நடுவுல ஒற்று வராதுங்க."

"வல்லினம் மிகுந்தா மதிப்பெண்ணும் மிகும்" என்று சிரித்தார் தீர்த்தகிரி. இலக்கணம் தெரிந்த பேராசிரியர்கள் ரசித்தார்கள்.

"ஐயா, கீழ ரெண்டு வரி இருக்குதுங்க. இதுவரைக்கும் யாரும் படிச்சதில்லீங்க. பத்து நிமிசம் குடுங்க ஐயா, நான் எழுதிக்கிறேன்."

"படிக்கறதெல்லாம் வகுப்புல வெச்சுக்கம்மா. இது பயணம்."

அதற்குள் முதல்வர் உரையைத் தொடங்கிவிட்டார். உயரம் போதாது என்று பக்கத்தில் படுத்துக் கிடந்த ஒரு கல்லின் மேல் ஷூவோடு ஏறி நின்றிருந்தார்.

"மாணவச் செல்வங்களே! நம் மரபு எங்கே இருக்கிறது? எங்கெங்கோ தேடுகிறோம். ஆனால் அது இதோ, நம் காலடியில் கிடக்கிறது!"

"யோவ், சாமி மேல நிக்கிறியே!" என்று ராமக்கா கத்தினாள்.

முதல்வர் பதறி இறங்கினார். "மன்னிக்கணும்மா, வெறும் கல்லுன்னு நெனச்சுட்டேன்" என்று சொல்லி அடுத்த கல்லின் மேல் ஏறினார். உரை இன்னும் பன்னிரண்டு நிமிடம் நடந்தது. தன் காலத்தில் கல்லூரிக்கு இரண்டு கழிப்பறையும் ஒரு நுழைவாயில் வளைவும் வந்ததைச் சொன்னார். அந்த வீரன் மாட்டுக்காக உயிரைக் கொடுத்தான், நீங்கள் கல்லூரியின் மதிப்பெண்ணுக்காக ஒரு நாளைக் கொடுத்தால் போதும் என்று முடித்தார்.

படம் எடுத்துப் பார்த்தார்கள். கல்லில் எழுத்து இருப்பதே தெரியவில்லை. "எழுத்து தெரியலன்னா இலக்கியத் தொடர்புன்னு எப்படி நிரூபிக்கிறது?" என்றார் முதல்வர். சத்யராஜின் பெட்டியில் கொடிக்கம்பத்துக்கு அடித்தது போக மீந்த வெள்ளை பெயிண்ட் இருந்தது. தீர்த்தகிரி தலையாட்டினார். சத்யராஜுக்கு வட்டெழுத்து தெரியாது. எழுத்து, வெடிப்பு, எறும்பு போன தடம் எல்லாவற்றின் மேலும் பாரபட்சமில்லாமல் பிரஷ்ஷை ஓட்டினான்.

காவேரி அவன் கையைப் பிடித்தாள். "அண்ணா, வேணாண்ணா. அது எழுத்தில்லண்ணா, வெடிப்புண்ணா. ஐயோ, இது எழுத்துண்ணா!"

"நான் என்ன பண்றது பாப்பா, சொல்றத செய்யறேன்" என்றான் அவன்.

பெயிண்ட் வழிந்து வீரனின் முகத்தில் இறங்கியது. முதல்வருக்குப் பிடிக்கவில்லை. "அசிங்கமா இருக்கே. குழு பார்த்தா என்ன நினைக்கும்? கழுவிட்டு வேற மாதிரி பண்ணுங்க." கழுவப் பெயிண்ட் தின்னர் வந்தது. தின்னருக்குப் போகாததற்கு டிரைவரின் இரும்பு பிரஷ் வந்தது. கல் பழையது, மேல்தோல் பொருக்காக இருந்தது. நாலு இழுப்பில் நாலாவது வரியும் ஐந்தாவது வரியும் தவிடு மாதிரி உதிர்ந்தன.

ஆயிரத்து முந்நூறு வருட மழையும் வெயிலும் விட்டுவைத்த ஒரு பெண்ணின் பெயர், ஐந்தேகாலிலிருந்து ஐந்தேமுக்காலுக்குள் போயிற்று.

ராமக்கா பெருங்குரலெடுத்து அழுதாள், திட்டினாள், மண்ணை வாரித் தூற்றினாள். பிறகு குனிந்து, உதிர்ந்த பொருக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டாள். காவேரியும் பொறுக்கப் போனாள். "தொடாத! எட்டப் போ!" என்றாள் ராமக்கா. சத்யராஜ் இதையும் படம் எடுத்துக்கொண்டான். ‘உள்ளூர் மக்கள் பங்கேற்பு’ என்று தனியாக இரண்டு மதிப்பெண் இருந்தது.

மறுநாள் எல்லோரும் அனுபவக் கட்டுரை தர வேண்டும். காவேரி ராத்திரி அழுததை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தாள். தீர்த்தகிரி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அனுபவக் கட்டுரைன்னா நடந்ததையாம்மா எழுதுவாங்க?"

மாதிரிக் கட்டுரையின் நகல் ஒன்றை எடுத்து நீட்டினார். மற்ற நாற்பத்தேழு பேரும் அதில்தான் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். காவேரி போடவில்லை. அகமதிப்பீட்டில் அவளுக்குச் சுழியம் என்றார். சரிங்க என்றாள். ஆனால் குழுவிடம் யாராவது ஒருவர் பேச வேண்டும். பயணம் போன நாற்பத்தெட்டுப் பேரில் நடுகல்லைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். சுழியத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, மனப்பாடம் செய்ய ஒரு பத்தியைக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டாள்.

குழுவில் மூன்று பேர். தலைவர் துமகூருப் பக்கத்து ஓய்வுபெற்ற பேராசிரியர். குளிரூட்டிய அறையில் முந்திரிப்பருப்புத் தட்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். காவேரி எழுந்து, பத்தியை மடித்து வைத்துவிட்டு, நடந்ததைத் தமிழில் சொன்னாள். ஷூவையும் பெயிண்ட்டையும் இரும்பு பிரஷ்ஷையும் சொன்னாள். தங்கை என்ற சொல்லோடு நின்றுபோனதைச் சொல்லும்போது குரல் உடைந்தது.

குழு தீர்த்தகிரியைப் பார்த்தது. அவர் எழுந்து ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்: அந்தக் கல்லைப் பார்த்த அனுபவம் தன் வாழ்க்கையையே மாற்றிவிட்டது என்கிறாள், ஆனந்தத்தில் பேச்சு வரவில்லை.

காவேரியின் வீட்டுப் பேச்சு கன்னடம். தலைவரின் பக்கம் திரும்பி முதலிலிருந்து எல்லாவற்றையும் கன்னடத்தில் சொன்னாள். நிதானமாக, அவள் அம்மா வியாபாரியிடம் பேசுகிற மாதிரி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

தலைவர் முந்திரியைக் கீழே வைத்தார். எழுத்து எதுவும் மிஞ்சவில்லையா என்று கன்னடத்தில் கேட்டார்.

"உளிதில்லா சார். கெளகட ஒந்து அக்ஷரானூ உளிதில்லா." கீழே ஓர் எழுத்துகூட மிஞ்சவில்லை.

தலைவரின் கண் கலங்கியது. அதைக் காவேரி பார்த்தாள், அந்தக் கண்ணீரைப் பொய் என்று சொல்லக் கூடாது. அவர் வெகுநேரம் தலை குனிந்து எழுதினார். அவளுக்கு நம்பிக்கை வந்தது.

பதினைந்து நாளில் அறிக்கை வந்தது. கல்லூரிக்கு மிக உயர்ந்த தரம். மரபுணர்வுப் பகுதியில் முழு மதிப்பெண். குழுத் தலைவர் தன் கைப்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: "மாணவர்கள் மரபின் அழிவு குறித்து ஆழ்ந்த வேதனை கொண்டுள்ளனர். அவ்வேதனையை ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளில் வெளிப்படுத்தும் திறன் பாராட்டுக்குரியது. இப்பயணத்தை விரிவுபடுத்துமாறு பரிந்துரைக்கிறோம்."

பட்டாசு வெடித்தார்கள். முதல்வர் காவேரியை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்த வந்தார். அவள் தோளைக் கொடுக்கவில்லை. பொன்னாடை மைக்கின் மேல் விழுந்தது. மறுநாள் சுற்றறிக்கை: மரபுப் பயணம், இரண்டாம் கட்டம். நான்கு பேருந்துகள். முன்பு நேரமின்மையால் விடுபட்ட மீதி ஐந்து நடுகற்களும் இம்முறை தூய்மைப்படுத்தப்படும்.

காவேரி அதைக் கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அன்று மத்தியானமே பென்னாகரம் பேருந்தில் ஏறினாள்.

கடலைக்காட்டில் கற்களைச் சுற்றி முள்வேலி பாதி எழுந்திருந்தது. ராமக்கா கொடுவாளோடு நின்றாள். காவேரியைப் பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"காலேஜா? அப்டியே திரும்பிப் போயிடு. காலேஜு ஆளுங்க கால இங்க வெக்கக் கூடாது."

"ஆமாங்கக்கா, வெக்கக் கூடாது. அத சொல்லத்தான் வந்தேன்." காவேரி வரப்பில் நின்றபடியே சுற்றறிக்கையைப் படித்துக் காட்டினாள்.

ராமக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். "எத்தினி பஸ்ஸு?"

"நாலுங்க."

"என்னைக்கி?"

"நாளைக்குங்க."

ராமக்கா கற்களைப் பார்த்தாள். பாதி வேலியைப் பார்த்தாள். பிறகு இந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"அந்தக் கல்லுல என்னமோ எழுதியிருந்துச்சுன்னு அன்னைக்கி கத்துனியே. என்னாது அது?"

"அண்ணன் செத்துட்டான்னு தங்கச்சி ஒருத்தி நட்ட கல்லுங்க. அவ பேரு இருந்துச்சு. படிக்கறதுக்குள்ள போயிடுச்சு."

ராமக்கா கொடுவாளோடு, முள்மரம் அடர்ந்த ஏரிக்கரைப் பக்கம் நடந்தாள். நாலு அடி போய்த் திரும்பி, "வேலிக்காத்தான் முள்ளு வெசம். துப்பட்டாவ கையில சுத்திக்க" என்றாள்.

காவேரி பையை வரப்பில் வைத்தாள். வெயில் சாய இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அதற்குள் முப்பது கட்டு முள்ளாவது வெட்டியாக வேண்டும்.